உங்களுக்குத் தெரியுமா? பிரசவத்தோடு போன பாலும் அரைக் கிராம் சுரப்பியும்

★ மூளைக்கு அடியில், இரண்டு கண்களுக்கும் நேர் பின்னால், எலும்பில் ஒரு சிறு குழி இருக்கிறது. அதற்குள் கொண்டைக்கடலை அளவில் இருப்பது கபச்சுரப்பி. வைத்தியர்கள் பிட்யூட்டரி என்பார்கள். எடை அரைக் கிராமுக்குக் கொஞ்சம் மேலே. தைரொயிட் எவ்வளவு சுரக்க வேண்டும், சிறுநீரகத்தின் தலைமேல் இருக்கும் அதிரீனல் சுரப்பி எவ்வளவு கோர்ட்டிசோல் விட வேண்டும், மாதவிடாய் எப்போது வர வேண்டும், தாய்க்குப் பால் எப்போது ஊற வேண்டும், பிள்ளை எவ்வளவு உயரம் வளர வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் இங்கிருந்துதான் உத்தரவு போகிறது. இது செத்துப்போனால் இதன் உத்தரவில் இயங்கும் சுரப்பிகள் நல்ல நிலையில் இருந்தும் சரியாக வேலை செய்யாது.

★ வயிற்றில் பிள்ளை வளரும்போது தாயின் கபச்சுரப்பியும் வளரும். பாலுக்கான புரோலக்டின் ஓமோனைச் சுரக்கும் கலங்கள் பெருகி, பிரசவ காலத்தில் சுரப்பி ஏறக்குறைய இரண்டு மடங்காகக்கூட ஆகிவிடும். ஆனால் அதன் முன்பாதிக்கு இரத்தம் வருவது பெரும்பாலும் அழுத்தம் குறைந்த மெல்லிய நாளங்கள் வழியாகத்தான். பிரசவத்தில் அளவுக்கு மீறி இரத்தம் போய், நாடி விழுந்து, கை கால் சில்லிட்டால் வீங்கி நிற்கும் அந்தச் சுரப்பிக்கு இரத்தம் எட்டாது. அப்படிச் செத்த பகுதி திரும்ப முளைப்பதில்லை.

★ இதை விரிவாக எழுதி உலகுக்குக் காட்டியவர் ஹரல்ட் ஷீஹன். ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகர மகப்பேற்று வைத்தியசாலையில் நோய்க்குறியியல் வைத்தியராக இருந்தவர். பிரசவத்துக்குப் பின் இறந்த பெண்களின் உடல்களை ஆராய்ந்து, 1937இல் கட்டுரை வெளியிட்டார். அதனால்தான் இந்த நோய்க்கு ஷீஹன் நோய்த்தொகுதி என்று பெயர். போலந்தின் லியோன் கிளின்ஸ்கி 1913இலேயே இத்தகைய சுரப்பிகளைக் கண்டு எழுதியிருந்தார். ஷீஹன் செய்த பெரிய காரியம், பிரசவ இரத்தப்போக்கையும் சுரப்பியின் சாவையும் சந்தேகமில்லாமல் இணைத்துக் காட்டியது.

★ முதல் அறிகுறி நோவு அல்ல, காய்ச்சலும் அல்ல. பால் வராது. பிள்ளை மார்பைச் சப்பிக்கொண்டே இருக்கும், மூன்று நாள் ஆகும், ஐந்து நாள் ஆகும், மார்பு கட்டாது. மலையகத் தேயிலைத் தோட்டத்து லயங்களில் இதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். பத்தியம் சரியில்லை, கண்பட்டுவிட்டது, பிள்ளை பெத்தவள் குளிர்ந்த தண்ணீரில் கை வைத்துவிட்டாள். பூண்டு வேகவைத்துக் கொடுப்பார்கள், கருவாட்டுக் குழம்பு வைப்பார்கள். பிறகு பால்மா போத்தல் வரும். அத்தோடு விஷயம் மறக்கப்படும். பால் வராததற்கு வேறு பல காரணங்களும் உண்டு என்பது உண்மை. ஆனால் பிரசவத்தில் இரத்தம் ஏற்றும் அளவுக்கு இரத்தம் போய், அதன்பின் ஒரு சொட்டுப் பாலும் வராத தாயை எந்த விசாரணையும் இல்லாமல் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. குடும்பநல உத்தியோகத்தர் வீடு தேடி வரும்போது சொல்ல வேண்டிய முதல் செய்தி இதுதான்.

★ இரண்டாவது அறிகுறி, மாதவிடாய் திரும்ப வராமல் இருப்பது. பால் கொடுக்கும் தாய்க்கு அது தள்ளிப் போவது இயல்பு. பாலும் இல்லை, மாதவிடாயும் இல்லை என்றால் இயல்பு அல்ல.

★ மூன்றாவதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அக்குள் மயிரும் அடிவயிற்று மயிரும் உதிர்ந்து, மழித்த நாளுக்குப் பிறகு வளராமலே போகும். புருவத்தின் வெளி ஓரம் மெலியும். வெட்கத்தால் வைத்தியரிடம் சொல்லாமல் விடப்படும் இந்த ஒரு செய்தி, நோயைச் சட்டென்று அடையாளம் காட்டக்கூடியது. கிளினிக்கில் தாதி தனியாக அழைத்துக் கேட்டால் சொல்லிவிடுவார்கள். கேட்பதற்கு ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

★ நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. தை, மாசியில் விடியற்காலைப் புல்லில் உறைபனி படியும் ஊர். கபச்சுரப்பி தவறிய பெண்ணுக்குத் தைரொயிட் ஓமோன் குறைந்து குளிர் தாங்காது. ஆனால் எல்லோரும் கம்பளிக்குள் நடுங்கும் மலையில், "எனக்குக் குளிருது" என்று ஒருத்தி சொன்னால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்? கொழும்பில் ஒருத்தி பட்டப்பகலில் ஸ்வெட்டர் போட்டால் கவனிப்பார்கள். இங்கே நோய் காலநிலைக்குள் ஒளிந்துகொள்கிறது.

★ சோகையும் இதை மறைக்கும். கொழுந்து பறிக்கும் பெண்களிடம் இரும்புச்சத்துக் குறைவு பரவலான ஒன்று. கபச்சுரப்பி தவறியவர்களுக்கும் முகம் வெளிறும், இரத்தம் குறையும், மலையேறினால் மூச்சு வாங்கும். உடனே இரும்புக் குளிசை கொடுக்கப்படும், திரிபோஷா கொடுக்கப்படும். இரண்டும் நல்லவை, ஆனால் இந்தச் சோகை அவற்றுக்கு அடங்காது. இங்கே ஒரு நுட்பமான வேறுபாடு இருக்கிறது. அதிரீனல் சுரப்பியே பழுதானால் தோல் கறுக்கும். உள்ளங்கை ரேகையும் பல் ஈறும்கூடக் கறுக்கும். கபச்சுரப்பி பழுதானால் நேர்மாறாகத் தோல் வெளுக்கும். காரணம், அதிரீனலுக்கு உத்தரவு கொண்டுபோகும் ஓமோனே தோலையும் கறுக்க வைக்கிறது. முதல் நோயில் அது பெருகுகிறது, இரண்டாவதில் வற்றிப்போகிறது. வெயிலிலும் பனியிலும் மலையில் நின்று வேலை செய்கிற பெண்ணின் முகம் வருடா வருடம் வெளிறிக்கொண்டே போவது சோகையாக மட்டும் இருக்க வேண்டியதில்லை.

★ "தைரொயிட் செக் பண்ணியாச்சு, நோர்மல்" என்ற பேச்சை நம்பி ஏமாந்தவர்கள் உலகெங்கும் உண்டு. வழக்கமாகச் செய்யும் டீ.எஸ்.எச். பரிசோதனை அளப்பது தைரொயிட் ஓமோனை அல்ல, கபச்சுரப்பி தைரொயிட்டுக்கு அனுப்பும் உத்தரவை. உத்தரவு அனுப்பும் இடமே பழுதாகியிருக்கும்போது அந்த எண் சாதாரணமாகவோ சற்றுக் கூடியோகூடத் தோன்றலாம். ஆகவே தைரொயிட் ஓமோனையே அளக்கும் ஃப்ரீ டீ4 என்ற பரிசோதனையையும் சேர்த்துச் செய்தால்தான் குட்டு வெளிப்படும். காலை 8 மணியளவில் எடுக்கும் கோர்ட்டிசோல், இரத்தத்தில் சோடியம், தேவையானால் எம்.ஆர்.ஐ. படம் ஆகியவை அடுத்த படிகள். படத்தில் சுரப்பி இருக்க வேண்டிய குழி வெறுமையாகத் தெரிவதுண்டு.

★ பிரசவத்துக்கும் நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கும் இடையில் பத்து ஆண்டுகளுக்கு மேல் போயிருப்பதாகப் பல நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. சோம்பேறி, மூளை மந்தம், பிள்ளை பெத்த பிறகு ஒரு மாதிரியாகிவிட்டாள் என்ற பட்டங்களோடு கழிந்த ஆண்டுகள் அவை. அரைப்பேருக்கு (அரை நாள் கூலிக்கு) மேல் எடுக்க முடியாதவளின் சம்பளச் சீட்டில் அந்த ஆண்டுகள் கணக்காகவே எழுதப்பட்டிருக்கும்.

★ காஷ்மீர்ப் பள்ளத்தாக்கில் அப்துல் ஹமீத் சர்கர் தலைமையிலான வைத்தியர்கள் நடத்திய ஆய்வு 2005இல் வெளியானது. பிள்ளை பெற்ற, 20 வயதைக் கடந்த பெண்களில் 100க்கு ஏறத்தாழ 3 பேருக்கு ஷீஹன் நோய் இருக்கலாம் என்று கணித்தது. அவர்களில் பெரும்பாலோர் வீட்டில் பிள்ளை பெற்றவர்கள். அங்கேயும் மலை, பனி, தூர ஆஸ்பத்திரி. நம் தோட்டங்களில் இப்படியொரு கணக்கெடுப்பு நடத்த வேண்டும் என்பது என் திடமான கருத்து. லயக் காம்பராவில் மருத்துவச்சி கையால் பிள்ளை பெற்ற பாட்டிமார் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள்.

★ இலங்கையில் 1930களில் ஒரு இலட்சம் பிரசவத்துக்கு 2,000 தாய்மாருக்கு மேல் இறந்தார்கள். இன்று அது அதன் மிகச் சிறிய பங்காக இறங்கிவிட்டது. பிரசவங்களில் 100க்கு 99க்கும் மேல் வைத்தியசாலையில் நடக்கின்றன. தெற்காசியாவில் இது பெருமைப்படத்தக்க சாதனை. ஆனால் இந்த நன்மை தோட்டங்களுக்குக் கடைசியாகத்தான் வந்து சேர்ந்தது. தோட்டத்து டிஸ்பென்சரியே உலகமாக இருந்த காலம் நீண்டது. ஹட்டனுக்கு அருகே டிக்கோயாவில் இந்திய உதவியோடு கட்டப்பட்ட 150 கட்டில் வைத்தியசாலை திறக்கப்பட்டது 2017 மே 12இல்தான்.

★ ஷீஹன் நோய் உயிரை எடுப்பது எப்படி? கோர்ட்டிசோல்தான் இரத்த அழுத்தத்தையும் சீனியையும் தாங்கிப் பிடிக்கும் ஓமோன். காய்ச்சல், வயிற்றோட்டம், எலும்பு முறிவு, சத்திரசிகிச்சை என்று உடம்புக்கு இடி விழும்போதெல்லாம் நல்ல உடம்பு பல மடங்கு கோர்ட்டிசோலை இறக்கும். கபச்சுரப்பி செத்த உடம்பால் அது முடியாது. ஆண்டுக்கணக்காகத் தட்டுத் தடுமாறி நடந்தவள் ஒரு சாதாரணக் காய்ச்சலில் வாந்தி எடுப்பாள், மயங்குவாள், பேச்சுக் குழறும், அழுத்தம் அதளபாதாளத்துக்குப் போகும். சீனி விழும். சோடியம் 135க்குக் கீழே இறங்கி, சிலருக்கு 110 வரைகூடப் போய் வலிப்பு வரும். பேய் பிடித்தது என்று கோடாங்கி வைத்துப் பார்க்கும் நேரத்தில் உயிர் போய்விடும்.

★ மருந்து? 100 மில்லிகிராம் ஹைட்ரோகோர்ட்டிசோன் ஊசி, நரம்பிலோ தசையிலோ. கூடவே சேலைன், சீனி குறைந்திருந்தால் குளுக்கோஸ். ஆஸ்துமாக்காரருக்குப் போடும் அதே ஊசிதான். சந்தேகம் வந்தவுடன் போட வேண்டும், இரத்தப் பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்கக் கூடாது. சந்தேகம் தப்பாகிப் போனாலும் ஒரு ஊசியால் கெடுதல் வராது. போடாமல் விட்டால் உயிர் போகும். பலர் சில மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்து தேத்தண்ணி கேட்பார்கள். நாள்பட்ட நோய்களில் இவ்வளவு விரைவாகப் பலன் தெரிகிற சிகிச்சை அபூர்வம்.

★ இனி இந்தப் பத்தியின் மிக முக்கியமான செய்தி. அவசரம் தணிந்த பிறகு வாழ்நாள் முழுவதும் கொடுக்க வேண்டிய மருந்துகள் முக்கியமாக இரண்டு: கோர்ட்டிசோலுக்குப் பதிலாக ஹைட்ரோகோர்ட்டிசோன் அல்லது பிரெட்னிசலோன் என்ற ஸ்டீரொயிட், தைரொயிட் ஓமோனுக்குப் பதிலாகத் தைரொக்சின். இவற்றை எந்த வரிசையில் தொடங்குகிறோம் என்பதில் உயிர் இருக்கிறது. ஸ்டீரொயிட் முதலில், தைரொக்சின் பிறகு. தைரொக்சின் உள்ளே போனதும் உடம்பின் வேகம் கூடும், கோர்ட்டிசோல் தேவை கூடும், இருக்கிற கொஞ்சநஞ்சக் கோர்ட்டிசோலும் வேகமாகக் கரைந்துபோகும். ஆகவே தைரொயிட் குறைவு மட்டும்தான் என்று நினைத்துத் தைரொக்சினை முதலில் கொடுத்தால், நன்மை செய்ய வந்த குளிசையே நோயாளியைச் சரித்துவிடும். "தைரொயிட் குளிசை தொடங்கியதிலிருந்து இன்னும் மோசம்" என்று யாராவது சொன்னால், அதைத் தட்டிக் கழிக்காமல் கோர்ட்டிசோலைப் பார்க்க வேண்டும்.

★ அளவு சிறியது. ஹைட்ரோகோர்ட்டிசோன் நாளுக்கு 15 முதல் 20 மில்லிகிராம், பெரும்பகுதி கண் விழித்தவுடன், மீதி பகலிலோ பின்னேரத்திலோ. இயற்கையான கோர்ட்டிசோல் அதிகாலையில்தான் உச்சத்தில் இருக்கும், அதனால் இந்தப் பங்கீடு. பிரெட்னிசலோன் என்றால் காலையில் 3 முதல் 5 மில்லிகிராம் போதும். விலையும் மலிவு. பெரட்டுக்கு (காலை வேலைப் பதிவுக்கு) போகும் முன் போட்டுக்கொண்டால் நாள் ஓடும். எவருக்கு எவ்வளவு என்பதை அகச்சுரப்பியியல் வைத்திய நிபுணர் தீர்மானிப்பார். ஸ்டீரொயிட் என்றாலே முகம் வீங்கும், எலும்பு கரையும் என்று பயந்து நிறுத்துகிறவர்கள் உண்டு. அது அளவுக்கு மேல் நீண்ட காலம் எடுப்பவர்களுக்கு வருவது. இவர்கள் எடுப்பது, உடம்பு தானே சுரந்திருக்க வேண்டிய அளவு.

★ தைரொக்சினை வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் விழுங்க வேண்டும். தேத்தண்ணி குறைந்தது அரை மணி நேரம் பொறுத்துத்தான். தேயிலை நாட்டில் இது கடினமான விரதம், தெரியும். இரும்புக் குளிசையும் கல்சியம் குளிசையும் இதை உடம்பில் சேரவிடாது. அவற்றை நான்கு மணி நேரம் தள்ளிப் போட வேண்டும்.

★ காய்ச்சல் வந்தால் ஸ்டீரொயிட் அளவை இரண்டு மடங்காக்க வேண்டும், காய்ச்சல் விட்டதும் பழைய அளவுக்குத் திரும்ப வேண்டும். வாந்தியில் குளிசை வெளியே வந்துவிட்டால் வீட்டில் காத்திருக்கக் கூடாது, ஊசிதான் வழி. 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்பியூலன்ஸ் பணம் வாங்காமல் வரும். 2016இல் இந்திய உதவியோடு மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய சேவை பிறகு மலையகத்துக்கும் வந்தது. லயம் வரை வாகனம் ஏறாத தோட்டங்கள் இன்னும் இருப்பதால், வீதி வரை தூக்கி வர நாலு பேரைத் தயாராக வைத்துக்கொள்வது நல்லது.

★ விரத நாள், திருவிழாக் காவடி, கண்டிக்கு விடிகாலைப் பஸ் என்று எந்த நாளும் இந்தக் குளிசைக்கு விடுமுறை இல்லை. மழைக்காலத்தில் மண் சரிந்து வீதி மூடினால் கிளினிக் தவறும். கையில் ஒரு மாதக் குளிசை கூடுதலாக இருக்க வேண்டும். 2022 மருந்துத் தட்டுப்பாட்டை அனுபவித்த நாட்டில் இதை விளக்கத் தேவையில்லை.

★ நோயாளி மயங்கிக் கிடக்கையில் அவருக்காகப் பேச ஒரு துண்டுக் காகிதம் வேண்டும். "எனக்குக் கபச்சுரப்பி வேலை செய்வதில்லை. நான் ஸ்டீரொயிட்டில் உயிர் வாழ்கிறேன். உடனே ஹைட்ரோகோர்ட்டிசோன் 100 மில்லிகிராம் போடுங்கள்." இதைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதி, கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் ஒட்டி, இன்னொன்றை அடையாள அட்டையோடு வைக்க வேண்டும். நள்ளிரவில் அவசரப் பிரிவில் இருக்கும் வைத்தியருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம். மூன்று மொழி அலங்காரத்துக்கு அல்ல.

★ வேறொரு வாசலிலும் இதே ஆபத்து நுழையும். இழுப்புக்கும் மூட்டு வலிக்கும் பிரெட்னிசலோனை மாதக் கணக்கில் எடுத்தால், வெளியிலிருந்து வருகிறதே என்று கபச்சுரப்பி அதிரீனலுக்கு உத்தரவு அனுப்புவதை நிறுத்திவிடும். ஒருநாள் திடீரென்று குளிசையை விட்டால் உள்ளே கோர்ட்டிசோல் இல்லை. நிறுத்துவதானால் வைத்தியர் சொல்படி, படிப்படியாகத்தான். சீட்டில்லாமல் "அந்த வெள்ளைக் குளிசை" வாங்கும் பழக்கம் மிகவும் பயங்கரமானது.

★ பாம்புக்கடியாலும் கபச்சுரப்பி சாகும். கண்ணாடி விரியனின் விஷம் இரத்தத்தை நாளங்களுக்குள்ளேயே உறைய வைத்து, பிறகு எங்கும் கசியவிடும். சுரப்பிக்குள்ளும் அப்படி நடக்கும். பர்மாவில் கடிபட்ட விவசாயிகளிடம் ஷீஹன் நோயைப் போன்ற நிலை ஏற்படுவதை 1987இல் லான்செட் இதழ் வெளியிட்டது. இலங்கையின் முதல் நோயாளி பற்றிய கட்டுரை 2011இல் கியூ.ஜே.எம். மருத்துவ இதழில் வந்தது. எழுதியவர்கள் சார்ள்ஸ் அன்ரனிப்பிள்ளை, ஜோன் வாஸ், டேவிட் வொரல், எச்.என். இராஜரட்ணம். கண்ணாடி விரியன் தாழ்நிலத்து வயல்களின் பாம்பு, நுவரெலியாக் குளிரில் அதற்கு வேலை இல்லை. ஆனால் 1977, 1983 வன்செயல்களில் அடித்து விரட்டப்பட்டு வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறிய மலையகத்தார் ஆயிரக்கணக்கில் அந்த வயல்களில்தான் வேலை செய்கிறார்கள். கடியிலிருந்து பிழைத்த உறவினர், மாதங்களோ ஆண்டுகளோ கழித்துச் சோர்ந்து, மீசை தாடி மெலிந்து, ஆண்மை குன்றி நின்றால், பழைய பாம்புக்கடியை வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

★ தலையில் பட்ட பெரிய அடி, கபச்சுரப்பியில் வளரும் கட்டி, அந்தக் கட்டிக்குச் செய்த சத்திரசிகிச்சை, கதிர்வீச்சு ஆகியவையும் காரணமாகலாம்.

★ தைரொக்சினை முதலில் பிரித்தெடுத்தவர் அமெரிக்க வேதியியலாளர் எட்வர்ட் கெண்டல். நாள், 1914 டிசம்பர் 25, நத்தார் தினம். கோர்ட்டிசோனையும் பிரித்தவர்களில் அவர் ஒருவர். அதற்காக பிலிப் ஹென்ச், டாடியஸ் ரைக்ஸ்டைன் ஆகியோரோடு 1950இல் நோபல் பரிசு பெற்றார். ஷீஹன் நோய்க்கு இன்று கொடுக்கும் இரண்டு முக்கிய மருந்துகளின் பின்னாலும் நிற்பவர் இந்த ஒரே மனிதர். ஷீஹன் தம் கட்டுரையை எழுதிய 1937இல், கோர்ட்டிசோன் நோயாளியின் கைக்கு வந்திருக்கவில்லை.

★ தடுப்பது எப்படி? பிள்ளை பிறந்தவுடன் தாய்க்குப் போடும் ஒக்சிடோசின் ஊசி கருப்பையை இறுக்கி இரத்தத்தை நிறுத்தும். நம் உடம்பில் இந்த ஒக்சிடோசினை இரத்தத்தில் விடுவதே கபச்சுரப்பியின் பின்பாதிதான். மருந்தாக அது 2 முதல் 8 பாகை செல்சியஸ் குளிரில் இருந்தால்தான் வீரியம் கெடாது. இன்னொன்று டிரனெக்ஸாமிக் அமிலம். 21 நாடுகளில் 20,000 தாய்மாரிடம் நடந்த வுமன் ஆய்வு, இரத்தப்போக்கு தொடங்கி மூன்று மணி நேரத்துக்குள் இதைக் கொடுத்தால் இரத்தப்போக்கால் வரும் சாவு குறையும் என்று 2017இல் காட்டியது. கர்ப்பத்திலேயே சோகையைத் தீர்ப்பதும் இதே வேலைதான். ஏற்கெனவே இரத்தம் குறைந்த உடம்பு, பிரசவத்தில் கொஞ்சம் போனாலும் தாங்காது.

★ ஷீஹன் நோய் வந்தவள் மறுபடி தாயாக முடியுமா? முடியும். சுரப்பியில் மிச்சமிருக்கும் பகுதி போதுமானதாக இருந்தால் சிலர் இயல்பாகவே கருத்தரிக்கிறார்கள். மற்றவர்களுக்குச் சினைப்பையைத் தூண்டும் ஊசிகள் உண்டு. ஸ்டீரொயிட்டும் தைரொக்சினும் கர்ப்பம் முழுவதும் தொடர வேண்டும், தைரொக்சின் அளவைக் கூட்ட வேண்டிவரும். பிரசவ வலி கண்டதும் ஹைட்ரோகோர்ட்டிசோன் ஊசி கட்டாயம். பால் மட்டும் பலருக்கு வராது. அதை முன்கூட்டியே சொல்லிவிட்டால், இந்த முறை பூண்டும் கருவாடும் பத்தியமும் சொல்லி அவளை யாரும் குற்றம் பிடிக்க மாட்டார்கள்.